இரண்டு சேனல் மைக் பிரீஆம்ப் கட்டலாம்: கரண்டுப் பகுதி முதல் கடைசிச் சோதனை வரை

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி சர்ச் கொயரையும் வில்லுப்பாட்டையும் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸை வைத்தே வேலையை முடிக்கிறார்கள். உரத்த பாட்டுக்கு அது போதும். மெல்லிய குரலுக்கு முன் டைனமிக் மைக்கை வைத்து கெயினைக் கூட்டும்போதுதான் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் மேலே வரும். அந்த இடத்தில்தான் தனி பிரீஆம்ப் உதவுகிறது.

மைக் பிரீஆம்ப் செய்யும் வேலை என்ன என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஷூர் எஸ்எம்58 மைக்குக்கு முன் 94 டெசிபெல் அளவில் ஒருவர் பாடினால் மைக்கிலிருந்து வருவது சுமார் 1.85 மில்லிவோல்ட். ஸ்டுடியோ கருவிகள் எதிர்பார்க்கும் லைன் லெவல் 1.23 வோல்ட். ஆக, சிக்னலை ஏறக்குறைய 665 மடங்கு, அதாவது 56 டெசிபெல் பெருக்க வேண்டும். சிக்னல் 665 மடங்கு பெருகும்போது அதன் கூடவே உள்ளே நுழைந்த ஹம்மும் (மெயின் கரண்டிலிருந்து ஏறும் 'ம்ம்' இரைச்சல்) 665 மடங்கு பெருகும். பெருக்குகிற வேலையை இன்றைக்கு எட்டுக் கால் ஐசி ஒன்றே பிரமாதமாகச் செய்துவிடுகிறது. நல்ல பிரீஆம்பையும் மோசமான பிரீஆம்பையும் பிரிப்பது மற்ற நான்கு: கரண்டுப் பகுதி, இன்புட்டின் இரண்டு கால்களும் சமமாக இருப்பது, எர்த், போர்டின் சுத்தம். இந்தக் கட்டுரையில் அதிக இடம் இவற்றுக்குத்தான்.

மெயின் கரண்டில் வேலை செய்து பழக்கம் இல்லாதவர்கள் 230 வோல்ட் பகுதியை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து முடித்துக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 சால்டர், ஒரு மல்டிமீட்டர் இவற்றை வைத்தே செய்துவிடலாம்.

எந்த ஐசி?

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஐஎன்ஏ217. எட்டுக் கால் டிப் வடிவில் கிடைப்பதால் சாக்கெட்டில் செருகலாம். கெயின் கணக்கும் எளிது: 10,000-ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்து 1 கூட்டினால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். தாட் கார்ப்பரேஷனின் தாட்1510 ஐசிக்கும் இதே கால் அமைப்பு, இதே கணக்கு; இரைச்சல் இன்னும் கொஞ்சம் குறைவு. தாட்1512 கணக்கு வேறு. கீழே தரும் ரெசிஸ்டர் மதிப்புகளை அதில் போட்டால் கெயின் ஏறக்குறைய பாதிதான் வரும்.

இந்த ஐசிகளில் போலி உண்டு. வேறு ஏதோ மலிவான ஐசியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக அச்சடித்து விற்பார்கள். செருகினால் வேலை செய்யும். இரைச்சல் மட்டும் கூடுதலாக இருக்கும். எங்கே தப்பு என்று போர்டு முழுக்கத் தேடி நாள்தான் போகும். ஐசியை மட்டுமாவது தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்குங்கள். மற்ற சாமான்களை நாகர்கோவிலிலோ, பஸ் ஏறி திருவனந்தபுரம் போயோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வரவழைத்தோ வாங்கலாம்.

ரெசிஸ்டர் எல்லாம் மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம். கார்பன் ரெசிஸ்டர் வேண்டாம். டிசி ஓடும் இடத்தில் அது தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும். எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் 105 டிகிரி எழுதியதாக இருக்கட்டும். நான்கைந்து வருஷம் கடையில் தூங்கிய சரக்கு வேண்டாம், லீக்கேஜ் கூடியிருக்கும்.

முதலில் கரண்டுப் பகுதி

பலரும் ஆம்ப் போர்டை முதலில் கட்டிவிட்டு சப்ளையை அவசரத்தில் முடிப்பார்கள். வரிசையை மாற்றுங்கள். சப்ளை சரியாக இருந்தால் பிறகு வரும் கோளாறுகளில் பாதியை யோசிக்கவே வேண்டாம்.

தேவை மூன்று வோல்டேஜ்: பிளஸ் 15, மைனஸ் 15, கேபிள் வழியாகவே கண்டன்சர் மைக்குக்குக் கொடுக்கும் 48 (இதுதான் ஃபான்டம் பவர்). ட்ரான்ஸ்ஃபார்மர் 18-0-18 வோல்ட், 500 மில்லிஆம்பியர். டொராய்டு கிடைத்தால் நல்லது, காந்தப்புலம் வெளியே குறைவாகவே கசியும். 15-0-15 போதாதா என்று கேட்பீர்கள். 230 வோல்ட் சீராக வரும் ஊரில் போதும். கிராமத்தில் சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்கும்போது 15 வோல்ட் முனையில் வருவது 11.7 வோல்ட் ஏசி. டயோடு தாண்டி டிசியானால் 16 வோல்ட்டைத் தொடாது. 7815 ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய குறைந்தது 17 வேண்டும். அதனால் சாயங்காலம் மட்டும் ஹம் வரும், காலையில் இருக்காது. 18-0-18 என்றால் 180 வோல்ட்டிலும் 19 வோல்ட் டிசி நிற்கும். மெயின் 260-க்கு ஏறினாலும் 7815-இன் உச்ச அளவான 35-க்குள்ளேயே இருக்கும்.

பிரிட்ஜ் டயோடுக்கு நான்கு 1என்4007. பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 2200 மைக்ரோ, 50 வோல்ட் கண்டன்சர். சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்கள் லோடு குறைவாக இருக்கும்போது எழுதியிருப்பதைவிட 10, 15 சதவீதம் கூடுதலாகத் தரும். அதனால் 35 வோல்ட் கண்டன்சர் போடாதீர்கள். அடுத்து பிளஸ் பக்கம் 7815, மைனஸ் பக்கம் 7915. இரண்டின் கால்களும் ஒன்றல்ல. எழுத்து உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்தால் 7815-க்கு இடமிருந்து இன்புட், கிரவுண்டு, அவுட்புட். 7915-க்கு கிரவுண்டு, இன்புட், அவுட்புட். 7915-இன் முதுகுத் தகடு இன்புட்டோடு சேர்ந்தது. அதை மைக்கா ஷீட்டும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் அலுமினியப் பெட்டியில் முடுக்கினால் மைனஸ் பக்கம் ஷார்ட் ஆகிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. இரண்டு சேனலுக்கு இழுக்கும் கரண்டு வெகு குறைவு. தகட்டை எதிலும் முடுக்காமல் அப்படியே காற்றில் நிற்க விட்டாலும் போதும்.

ரெகுலேட்டர் ஒவ்வொன்றின் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் காலை ஒட்டி 0.1 மைக்ரோ செராமிக், அவுட்புட்டில் கூடுதலாக 47 மைக்ரோ 25 வோல்ட்.

48 வோல்ட்டுக்கு இன்னொரு ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். 18 வோல்ட் முனைகளில் ஒன்றிலிருந்து 220 மைக்ரோ 100 வோல்ட் கண்டன்சரின் மைனஸை இணையுங்கள். அதன் பிளஸ் முனைக்கு, ரெகுலேட்டருக்கு முந்தைய பிளஸ் லைனிலிருந்து ஒரு 1என்4007 வரட்டும். கோடு போட்ட முனை கண்டன்சர் பக்கம். அதே பிளஸ் முனையிலிருந்து இன்னொரு 1என்4007 புறப்பட்டு 100 மைக்ரோ 160 வோல்ட் கண்டன்சரை நிரப்பட்டும். அங்கே 75-லிருந்து 85 வோல்ட் டிசி நிற்கும். கை வைக்கும் வோல்டேஜ் இல்லை. ஆஃப் செய்த பிறகும் கொஞ்ச நேரம் சார்ஜ் பிடித்து நிற்கும்.

இதை 48 ஆக்க டிஎல்783. எல்எம்317 மலிவுதான், ஆனால் ஆன் செய்த கணம் அவுட்புட் கண்டன்சர் காலியாக இருப்பதால் அதன் இரண்டு பக்கமும் 75 வோல்ட்டுக்கு மேல் விழும். அது தாங்குவது 40. டிஎல்783 தாங்குவது 125. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 82 ஓம், அட்ஜஸ்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 3 கே. இந்த 3 கே-யில் முக்கால் வாட் சூடாகும் என்பதால் 1.5 கே 1 வாட் இரண்டைத் தொடராகப் போடுங்கள். அட்ஜஸ்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோ 63 வோல்ட் போட்டால் ரிப்பிள் நன்றாகக் குறையும். அதைப் போடும்போது அட்ஜஸ்ட்டிலிருந்து அவுட்புட்டுக்கும், அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கும் ஒவ்வொரு 1என்4007 காவலுக்கு வேண்டும். சின்ன ஹீட்சிங்க் மாட்டுங்கள். இதன் தகடு அவுட்புட்டோடு சேர்ந்தது, பெட்டியைத் தொடக்கூடாது.

மெயின் பக்கம்: மூன்று பின் சாக்கெட், 250 மில்லிஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ், இரண்டு லைனையும் வெட்டும் சுவிட்ச், ஃபியூஸுக்குப் பிறகு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 275 வோல்ட் எம்ஓவி (திடீர் வோல்டேஜ் எழுச்சியை உறிஞ்சும் பாகம்). பச்சை எர்த் வயர் பெட்டியில் தனக்கென்று ஒரு போல்ட்டில் முடுக்கப்பட வேண்டும். வேறு எதையும் அந்தப் போல்ட்டில் சேர்த்து முடுக்காதீர்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது நேரடியாக ப்ளக்கில் செருகாமல் சீரிஸ் லாம்ப், அதாவது லைனில் தொடராகச் சேர்த்த ஒரு பல்ப், வழியாகக் கொடுங்கள். 40 வாட் குண்டு பல்ப் போதும். எல்ஈடி பல்ப் இதற்கு ஆகாது. பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தால் சரி. நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு டயோடு, கண்டன்சர் திசைகளைப் பாருங்கள். பிறகு மீட்டரில் 14.5-லிருந்து 15.5-க்குள் இரண்டு பக்கமும், 48-க்கு ஓரிரு வோல்ட் முன்பின்னாகவும் வர வேண்டும். ஃபான்டம் பவருக்கு 44-லிருந்து 52 வரை அனுமதி உண்டு.

மைக்கிலிருந்து ஐசி வரை

இந்த ஓரடி தூரம்தான் பிரீஆம்பின் உயிர். சிக்னல் போகும் வரிசையிலேயே பார்ப்போம்.

மைக் கேபிள் செருகும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் 1-வது பின்னைக் கையளவு வயர் போட்டு போர்டுக்கு இழுக்காதீர்கள். சாக்கெட்டின் அருகிலேயே ஓர் அங்குலத்துக்குள் பெட்டியின் உலோகத்தில் முடுக்குங்கள். கேபிள் ஷீல்டில் வரும் குப்பை முழுவதும் பெட்டியோடு போய்விட வேண்டும். போர்டு கிரவுண்டுக்குள் அதற்கு வேலை இல்லை. 1995-இல் நீல் மன்சி இதை 'பின் 1 பிரச்சினை' என்று பெயரிட்டு விளக்கினார். அதன் பிறகும் இந்தத் தப்போடு கருவிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

2, 3 பின்கள் ஒவ்வொன்றிலிருந்தும் பெட்டிக்கு 470 பிக்கோ செராமிக், 100 வோல்ட். மொபைல் டவரும் எஃப்எம்மும் உள்ளே வராமல் தடுக்க இது.

அடுத்து ஃபான்டம். 48 வோல்ட் சுவிட்சிலிருந்து 100 ஓம் வழியாக 100 மைக்ரோ 63 வோல்ட் கண்டன்சருக்கு வரட்டும். கண்டன்சரோடு பக்கவாட்டில் 22 கே, ஆஃப் செய்ததும் சார்ஜ் வடிய. அங்கிருந்து 6.8 கே அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு, பின் 2-க்கு ஒன்று, பின் 3-க்கு ஒன்று. கால் வாட் போட்டால், ஷார்ட் ஆன கேபிளைச் செருகிய அன்று அதில் மூன்றில் ஒரு வாட் எரியும்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பது மதிப்பு மிகச்சரியாக இருப்பதைவிட முக்கியம். வித்தியாசம் 0.4 சதவீதத்துக்குள், அதாவது 27 ஓமுக்குள் இருக்க வேண்டும். மைக் கேபிளில் ஏறும் ஹம் இரண்டு வயரிலும் ஒரே அளவில் வரும். ஐசி இரண்டையும் கழிக்கும்போது ஹம் அழிந்துவிடும். ஒரு கால் இறங்கியிருந்தால் முழுதாகக் கழியாது. 6.8 கே ரெசிஸ்டர் இருபது வாங்குங்கள். மல்டிமீட்டரை 20 கே ரேஞ்சில் வைத்து ஒவ்வொன்றாக அளந்து, ஒரே எண் காட்டுகிறவற்றை ஜோடி சேர்த்து டேப் ஒட்டி வையுங்கள். மலிவான மீட்டர் 6.80 என்றும் நல்ல மீட்டர் 6.83 என்றும் காட்டலாம். கவலை இல்லை, ஒப்பிடத்தான் அளக்கிறோம். விரலால் ரெசிஸ்டர் உடம்பைப் பிடித்தபடி அளந்தால் சூட்டில் எண் நகரும், வியர்வையும் சேரும். முதலைக் கிளிப் பயன்படுத்துங்கள்.

அடுத்து பேட் (உரத்த சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் தொகுப்பு), தேவைப்பட்டால் மட்டும். இரண்டு லைனிலும் தொடராக 750 ஓம், அதற்குப் பின் இரண்டு லைனுக்கும் குறுக்கே 180 ஓம்; 20 டெசிபெல் குறையும். இரண்டு பக்க சுவிட்சால் சேர்க்கவோ விலக்கவோ செய்யலாம்.

பிறகு 48 வோல்ட் ஐசிக்குள் போகாமல் தடுக்கும் கண்டன்சர்: ஒவ்வொரு லைனிலும் 47 மைக்ரோ 63 வோல்ட், பிளஸ் முனை மைக் பக்கம். பிளஸ் ஐசி பக்கம் வந்துவிட்டால் ஃபான்டம் போட்டதும் அந்தக் கண்டன்சர் கெட்டுப்போகும், சில சமயம் வெடிக்கும்.

அதன் பின் ஒவ்வொரு லைனிலும் 10 ஓம், அதையடுத்து இரண்டு 1என்4007. ஒன்று லைனிலிருந்து பிளஸ் 15-க்கு, கோடு பிளஸ் 15 பக்கம். இன்னொன்று மைனஸ் 15-லிருந்து லைனுக்கு, கோடு லைன் பக்கம். இவற்றை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். ஃபான்டம் ஓடும்போது யாராவது மைக் கேபிளைத் தவறுதலாக மிக்சர் அவுட்டில் செருகினால், 48 வோல்ட் சார்ஜோடு நிற்கும் 47 மைக்ரோ கண்டன்சர் ஒரு நொடியின் சிறு பகுதியில் சில ஆம்பியரை ஐசியின் இன்புட்டில் கொட்டும். ஐசி உடனே சாகாமல் இரைச்சல் மட்டும் கூடிவிடுவதும் உண்டு. சின்ன 1என்4148 டயோடு இவ்வளவு கரண்டுக்கு ஆளில்லை.

ஒவ்வொரு லைனிலிருந்தும் கிரவுண்டுக்கு 2.2 கே, இதையும் ஜோடி பார்த்துப் போடுங்கள். பிறகு ஐசி. இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது: எக்ஸ்எல்ஆர் பின் 2 போவது ஐசியின் 3-வது காலுக்கு, பின் 3 போவது 2-வது காலுக்கு. எண்ணுக்கு எண் சேர்த்தால் சத்தம் வரும், ஆனால் ஃபேஸ் தலைகீழாகிவிடும். ஒரு சேனலில் மட்டும் இப்படி ஆகியிருந்தால், இரண்டு மைக் வைத்து வில்லுப்பாட்டுக் குடத்தை எடுக்கும்போது அடிச்சத்தம் காணாமல் போய், காரணம் புரியாது.

ஐசியின் 7-வது கால் பிளஸ் 15, 4-வது கால் மைனஸ் 15. இரண்டிலும் காலை ஒட்டி 0.1 மைக்ரோ செராமிக்கும் 47 மைக்ரோவும் கிரவுண்டுக்கு. 5-வது கால் ரெஃபரன்ஸ். நேரே கிரவுண்டுக்கு, குட்டையான தடிமனான வழியில். அங்கே சில ஓம் தடை வந்தாலே ஹம்மைக் கழிக்கும் திறன் சரிந்துவிடும். 6-வது கால் அவுட்புட்.

கெயின் சுவிட்ச்

1, 8 கால்களுக்கு நடுவே வரும் ரெசிஸ்டர்தான் கெயின். வால்யூம் பாட் போடலாம். ஆனால் அதற்கு ரிவர்ஸ் லாக் பாட் வேண்டும். சாதாரண பாட் போட்டால் கடைசி ஒரு கோடு நகர்வதற்குள் 30 டெசிபெல் தாவும். ரோட்டரி சுவிட்ச் சிறந்தது. கொயரில் இரண்டு மைக்குக்கு ஒரே கெயின் வைக்கவும், அடுத்த வாரம் அதே அளவில் திரும்ப வைக்கவும் எண் பார்த்துத் திருப்பினால் போதும். ஒன்பது நிலைகள்:

20 டெசிபெல்: 1.1 கே
25: 620 ஓம்
30: 330 ஓம்
35: 180 ஓம்
40: 100 ஓம்
45: 56 ஓம்
50: 33 ஓம்
55: 18 ஓம்
60: 10 ஓம்

ஒரு நிலையை விடும் முன் அடுத்த நிலையைத் தொடும் ஷார்ட்டிங் வகைச் சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். மற்ற வகையில் ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு 'டப்' கேட்கும். ரெசிஸ்டரோடு தொடராக 3300 மைக்ரோ 6.3 வோல்ட் கண்டன்சர் ஒன்றும் வேண்டும். அது இல்லையென்றால் ஐசியின் உள்ளேயுள்ள சின்ன டிசி பிசகும் கெயினோடு சேர்ந்து பெருகி, திருப்பும்போதெல்லாம் அவுட்புட் தாவும். 3300 பெரிதாகத் தெரியலாம். 10 ஓமோடு அது வெட்டும் எல்லை 5 ஹெர்ட்ஸ். 220 மைக்ரோ போட்டால் அதே எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு ஏறி, கெயின் கூட்டும்போதெல்லாம் பேஸ் மெலியும்.

சுவிட்சுக்கும் ஐசிக்கும் இடையே வயர் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். போர்டை முன்பக்கத் தகட்டை ஒட்டி வைத்தால் இது தானாக அமையும்.

அவுட்புட்

6-வது காலிலிருந்து 47 மைக்ரோ பைபோலார், பிறகு 100 ஓம், பிறகு டிஆர்எஸ் ஜாக்கின் நுனி. நடு வளையத்துக்கு அதே போல 47 மைக்ரோவும் 100 ஓமும் வைத்து கிரவுண்டுக்கு இணையுங்கள். இரண்டு லைனின் தடையும் சமமாக இருப்பதால் எதிரே உள்ள இன்டர்ஃபேஸ் ஹம்மைக் கழித்துவிடும். இரண்டாவது ஐசி தேவையில்லை. ஸ்லீவ் பெட்டிக்கு. இன்டர்ஃபேஸில் இதை லைன் இன்புட்டில் மட்டும் செருகுங்கள். மைக் இன்புட்டில் செருகினால் அங்கிருக்கும் பிரீஆம்ப் வழியாக மறுபடியும் ஓடி, கட்டியதன் பலன் போய்விடும்.

பெட்டி

உலோகப் பெட்டிதான். ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு மூலையில், மைக் சாக்கெட்டும் ஐசியும் எதிர் மூலையில். ஓரடி இடைவெளி கிடைக்காவிட்டால் சப்ளையைத் தனிப் பெட்டியாக்கி, பிளஸ் 15, மைனஸ் 15, 48, கிரவுண்டு நான்கையும் கேபிளில் கொண்டுவாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரை உடனே முடுக்காமல், கெயினை 60-இல் வைத்து ஹெட்ஃபோனில் கேட்டபடி மெதுவாகத் திருப்புங்கள். ஹம் சட்டென்று குறையும் ஒரு கோணம் உண்டு. அந்தக் கோணத்தில் முடுக்குங்கள். மெயின் வயர் தொடாமல், மூடியை ஓரளவு மூடிவைத்தே இதைச் செய்ய வேண்டும்.

போர்டு கிரவுண்டு பெட்டியோடு சேரும் இடம் ஒன்றே ஒன்று, மைக் சாக்கெட்டுகளின் அருகில்.

சோதனை

ஐசி இல்லாமல் காலிச் சாக்கெட்டில் தொடங்குங்கள். 7-இல் பிளஸ் 15, 4-இல் மைனஸ் 15, 5-இல் பூஜ்யம், 2-இலும் 3-இலும் பூஜ்யம். ஃபான்டம் சுவிட்சைப் போட்டு ஒரு நிமிஷம் கழித்தும் 2, 3 பூஜ்யத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அங்கே ஒரு வோல்ட் காட்டினால் 47 மைக்ரோ கண்டன்சர் ஒழுகுகிறது. எக்ஸ்எல்ஆர் 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும் நடுவே 48. மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து அதே இரண்டு இடங்களிலும் ஷார்ட் செய்து பாருங்கள். இரண்டிலும் 7 மில்லிஆம்பியர், சமமாக.

ஆஃப் செய்து, சார்ஜ் வடிந்ததும் ஐசியைச் செருகுங்கள். ஆன் செய்து 6-வது காலில் டிசி பாருங்கள். கெயின் எந்த நிலையில் இருந்தாலும் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

கடைசியாக இரைச்சல். ஓர் எக்ஸ்எல்ஆர் ப்ளக்கில் 2-க்கும் 3-க்கும் நடுவே 150 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, உலோக உறையை மூடி, மைக்குக்குப் பதில் அதைச் செருகுங்கள். 60 டெசிபெல்லில் ஒரு நிமிஷம் பதிவு செய்யுங்கள். பிறகு அதே 2, 3 பின்களை நேரடியாக ஷார்ட் செய்த ப்ளக் ஒன்றைச் செருகி மறுபடியும் பதிவு செய்யுங்கள். நல்ல ஐஎன்ஏ217 என்றால் இரண்டாவது சுமார் 3 டெசிபெல் தாழ்ந்திருக்கும். வித்தியாசமே இல்லையென்றால் நீங்கள் கேட்கும் இரைச்சல் இன்புட்டுக்குப் பிந்தியது: போலி ஐசி, அழுக்கு சப்ளை, அல்லது இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல். அளவு தெரிய வேண்டுமென்றால், 150 ஓமோடு இன்புட் இரைச்சல் மைனஸ் 128 டிபியு (0.775 வோல்ட்டைப் பூஜ்யமாக வைத்த டெசிபெல் அளவு) அருகில் வர வேண்டும். வெறும் ரெசிஸ்டரின் இரைச்சலே மைனஸ் 131 என்பதால் இதற்குக் கீழே போக இடம் அதிகமில்லை.

வரும் கோளாறுகள்

காதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். தாழ்ந்த, உருண்ட 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ்: ட்ரான்ஸ்ஃபார்மர் அருகில் இருக்கிறது அல்லது கம்ப்யூட்டரோடு கிரவுண்டு லூப். கரகரப்பான 'ஸர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸ்: ரெக்டிஃபயர் பக்கம், பெரும்பாலும் 2200 மைக்ரோ கண்டன்சரின் கிரவுண்டு வயர் தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மரின் நடுமுனை முதலில் கண்டன்சர்களின் நடுப்புள்ளிக்கு வர வேண்டும். அங்கிருந்து ஒரே வயர் போர்டுக்கு. கிரவுண்டு லூப் என்று தெரிந்தால் மூன்றாவது பின்னை உடைத்து எர்த்தை வெட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள், பாடுகிறவர் உதடு வைக்கும் மைக்கின் உலோகம் அந்த எர்த்தோடுதான் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பதில் அவுட்புட் கேபிளில் இன்டர்ஃபேஸ் பக்க ஷீல்டை மட்டும் வெட்டிப் பாருங்கள். வீட்டு ப்ளக்கில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் வீட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மொபைல் சத்தமோ எஃப்எம்மோ உள்ளே கேட்டால் பின் 1-ஐயும் 470 பிக்கோவையும் திரும்பப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. கோடையில் அருமையாக ஓடிய பிரீஆம்ப் ஜூன் மாத மழையில், ஃபான்டம் போட்டால் மட்டும், எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் பொரியும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும் ஊர் என்பதால் வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். கடலோரம் என்றால் உப்பும் சேரும். சால்டர் செய்தபின் போர்டில் தங்கும் ஃப்ளக்ஸ் இந்த ஈரத்தை உறிஞ்சி, 48 வோல்ட் நிற்கும் இடத்திலிருந்து பக்கத்து லைனுக்கு நூல்போல ஒரு கரண்டு வழியை உண்டாக்கும். அந்தக் கரண்டு விட்டுவிட்டு ஓடுவதுதான் பொரியும் சத்தம். வேலை முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷை நனைத்து போர்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, துணியில் ஒற்றி எடுங்கள். துணியில் மஞ்சள் ஒட்டுவது நிற்கும் வரை மறுபடியும் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பிசிபி லாக்கர் ஸ்ப்ரே ஒரு பூச்சு, சாக்கெட்டையும் சுவிட்சையும் டேப்பால் மூடிக்கொண்டு. ஃப்ளக்ஸை எடுக்காமல் மேலே லாக்கர் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

பதிவின்போது

ஃபான்டம் சுவிட்சைத் தொடும் முன் ஸ்பீக்கர் வால்யூமை இறக்குங்கள். போட்டபின் ஒரு நிமிஷம் விட்டு கெயினைத் தொடுங்கள். பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் அதற்கு ஃபான்டம் போடவே வேண்டாம்.

வில்லுப்பாட்டில் பாடுகிறவருக்கு டைனமிக் மைக் என்றால் 50, 55-இல் தொடங்கலாம். வீசுகோல் வில்லில் விழும்போது மணிகளின் கூர்மையான ஓசை மீட்டரில் தெரிவதைவிட உயரமாக எழும். 10 டெசிபெல் இடம் விட்டு வையுங்கள். சிங்காரி மேளத்தில் செண்டைக்கு மிக அருகே, 94 டெசிபெல்லுக்கு 20 மில்லிவோல்ட் தரும் கண்டன்சர் மைக் வைத்தால், 130 டெசிபெல் உச்சத்தில் மைக்கே 1.26 வோல்ட் தரும். 20 டெசிபெல் கெயினிலேயே அது 12.6 வோல்ட், அலையின் முனை அதற்கும் மேலே எழுந்து ஐசியின் எல்லையைத் தாண்டிவிடும். அந்த வேலைக்குப் பேட் கட்டாயம். அல்லது டைனமிக் மைக்குக்கு மாறுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை மாத மாலைகளிலும் இடி தொடங்கினால் பிரீஆம்பின் ப்ளக்கையும் இன்டர்ஃபேஸுக்குப் போகும் கேபிளையும் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். எம்ஓவி சின்ன எழுச்சிகளைத்தான் தாங்கும். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்த பிறகு அதை ஒருமுறை திறந்து பார்த்து, கருகியிருந்தால் மாற்றிவிட்டு மறுபடியும் சீரிஸ் லாம்பிலிருந்தே தொடங்குங்கள்.